கலம் செய்த கதை

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை எழுதுவோர் பழந்தமிழ் இலக்கியத்தில் தொடங்குவது மரபு. அம்மரபை மீற எங்களுக்கும் விருப்பமில்லை. கலம், வங்கம், நாவாய், அம்பி, திமில், பஃறி, தோணி என நீரில் மிதப்பனவற்றுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் பல. இத்துறையின் வகுப்பறையில் அமர்ந்து இப்பெயர்களை மனப்பாடம் செய்த நாள்களில், பின்னொரு காலத்தில் நெகிழியால் ஆன வங்கம் ஒன்றை அறுத்தும் ஒட்டியும் வேறொரு வங்கமாக மாற்றப் போகிறோம் என்று எங்களுள் எவரும் எண்ணியதில்லை.

நாங்கள் மூவர். மூவரும் இங்கே தமிழ் பயின்றோர். மூவரும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நெகிழி வார்ப்புக் கூடம் ஒன்றில் பணியாற்றுவோர். ஒருவர் கிடங்குக் கணக்குப் பார்க்கிறார். ஒருவர் பொருள்களின் தரம் பார்க்கிறார். மற்றவர் டை எனப்படும் வார்ப்பு அச்சுகளைப் பேணும் பிரிவில் கைத்தொழிலாகவே கற்றுக்கொண்டு நிலைத்துவிட்டார். கூடத்தில் 'நெகிழி' என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. அங்கே அது பிளாஸ்டிக்தான். குருணையாக மூட்டையில் வரும், சூட்டில் உருகும், அழுத்தத்தில் டைக்குள் பாயும், குளிர்ந்ததும் வாளி மூடியாகவோ மின்சாரப் பெட்டியாகவோ வந்து விழும். உருகிய பிளாஸ்டிக் பாய்ந்துவந்த வழியில் உறைந்து நிற்கும் கம்பிக்கு ரன்னர் என்று பெயர். மாதிரிக் கப்பல்களின் உறுப்புகளைப் பெட்டிக்குள் தாங்கி நிற்கும் சட்டமும் இந்த ரன்னரே. எனவே அயல்நாட்டுப் பெட்டியைத் திறந்தபோது எங்களுக்கு அது அயலாகத் தோன்றவில்லை. ஓரத்தில் பிசிறு தட்டியிருப்பதைக் கண்டதும், டை தேய்ந்திருக்கிறது என்று மூவரும் ஒரே நேரத்தில் கூறினோம்.

அப்பெட்டி எங்களிடம் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்களுள் ஒருவரின் மாமனார் திருவள்ளூரில் வாழ்கிறார். இளமையில் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, ஐ.என்.எஸ். விக்ராந்த் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலின் கொதிகலன் அறையில் பணியாற்றியவர். மூவரும் அவரை 'மாமா' என்றே அழைக்கிறோம். கொச்சியில் கட்டப்பெற்ற புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2ஆம் நாள் கடற்படையில் சேர்க்கப்பட்டபோது, மாமாவின் மகள்வழிப் பேரன் தொலைக்காட்சியைக் காட்டி, "நன்னா, உங்க கப்பல்!" என்று கூவினான். மாமா சற்று நேரம் பார்த்துவிட்டு, "பேரு அதுதான். கப்பல் அது இல்ல" என்றார். பழைய விக்ராந்த் 1997 சனவரி 31இல் பணி ஓய்வு பெற்றது; சில ஆண்டுகள் மும்பையில் காட்சிக்கூடமாக நின்றது; 2014இல் உடைப்பவர்களுக்கு விற்கப்பட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதியைக் கொண்டு செய்த மோட்டார் சைக்கிளைப் பஜாஜ் நிறுவனம் 2016இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய இரும்பு உலையில் உருகிக் கம்பியாகி வெளியேறுவதைக் கும்மிடிப்பூண்டியில் நாள்தோறும் காண்பவர்கள் நாங்கள். ஆகவே உடைந்த கப்பலை எண்ணிக் கண்ணீர் வடிக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. எனினும், பேரனுக்குக் காட்ட மாமாவிடம் ஒரு கப்பலும் இல்லை என்பது மனத்தில் தைத்தது.

பழைய விக்ராந்தின் மாதிரிப் பெட்டி எங்கள் கைக்கு எட்டிய எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கிடைத்தது அதன் உடன்பிறப்பு எனத்தக்க ஒன்று: பிரான்சு நாட்டின் ஹெல்லர் நிறுவனம் நானூற்றில் ஒரு பங்கு அளவில் வெளியிட்ட 'ஆரோமான்ஷ்'. சிங்கப்பூரில் வாழும் உறவினர் ஒருவர் பழம்பொருள் கடையில் கண்டு வாங்கி அனுப்பினார். பெட்டியின் மூலைகள் நைந்திருந்தன. உள்ளே உறுப்புகள் குறைவின்றி இருந்தன.

ஒன்றை மற்றொன்றாக்க முடியும் என்று நாங்கள் நம்பியதற்கு அடிப்படை உண்டு. இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1942இல், இங்கிலாந்து விரைவில் கட்டத்தக்க எளிய வானூர்தி தாங்கிகளுக்கு ஒரு வரைவு செய்தது. வணிகக் கப்பல் கட்டும் முறைகளைக் கொண்டே உடலைக் கட்டலாம் என்று வகுத்தனர். நெடுங்காலம் உழைக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. போர் முடிந்தபின் அவை பல நாடுகளுக்குச் சென்றன. பிரான்சு, ஆஸ்திரேலியா, கனடா, நெதர்லாந்து, பிரேசில், அர்ஜென்டினா, இந்தியா ஆகிய நாடுகளின் கொடிகள் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் வந்த உடல்கள்மீது பறந்தன. சில ஆண்டுகளுக்கென்று செய்தவை முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்தன. ஒரே டையில் வார்த்த வாளிகள் எந்தெந்த வீட்டுக் கிணற்றடிக்குப் போகும் என்று வார்ப்பவனால் சொல்ல இயலுமா?

ஆரோமான்ஷ் கப்பலின் முதற்பெயர் கொலோசஸ். 1946இல் பிரான்சுக்குச் சென்றது. இந்தோசீனத்தில் விடுதலை வேண்டிப் போராடிய மக்களுக்கு எதிரான போரில் ஈடுபட்டது, 1956இல் சூயசுக் கால்வாய்ச் சிக்கலின்போது எகிப்தைத் தாக்கச் சென்ற கப்பல்களுள் இதுவும் ஒன்று, 1978இல் உடைக்கப்பட்டது. கிடங்குக் கணக்குப் பார்க்கும் நண்பர் இதைப் படித்துவிட்டு, "எகிப்தின்மேல் குண்டு போட்ட கப்பலையா மாமா வீட்டு அலமாரியில் வைப்பது?" என்று கேட்டார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. டை பிரிவு நண்பரோ, இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாவம் ஒட்டாது. ஏவியவன் கையில்தான் ஒட்டும் என்றார். எங்கள் வேலை அந்தப் பெயரை அக்கப்பலிலிருந்து உப்புத்தாளால் தேய்த்து அழிப்பதில்தான் தொடங்கியது. அதில் அவருக்கு ஓர் ஆறுதல்.

விக்ராந்தின் பிறப்பு இன்னும் வியப்புக்குரியது. 1943இல் டைன் ஆற்றங்கரையில் 'ஹெர்குலிஸ்' என்னும் பெயரில் அடிக்கட்டை இடப்பட்டு, 1945 செப்டம்பரில் நீரில் இறங்கியது. அப்போது போர் முடிந்திருந்தது. முற்றுப்பெறாத உடலாகவே ஏறத்தாழப் பத்தாண்டு கிடந்தது. 1957இல் இந்தியா விலைக்கு வாங்கி, பெல்பாஸ்ட் நகரின் ஹார்லண்டு அண்டு உல்ஃப் கப்பல் தளத்தில் கட்டி முடிக்கச் செய்தது. 1961 மார்ச் 4இல் விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் முன்னிலையில் கடற்படையில் சேர்ந்தது. அவ்விடைக்காலத்தில் வானூர்தி தாங்கிகளின் இலக்கணமே மாறியிருந்தது. பழைய கப்பல்களில் இறங்குதளம் நேர்கோடாக இருந்தது. இறங்கும் ஊர்தி கம்பியில் சிக்காமல் போனால், முன்னே நிறுத்தியிருக்கும் ஊர்திகள்மீது மோதும். தளத்தைச் சற்றே இடப்பக்கம் சாய்த்து வரைந்தால், தவறியவர் கடலுக்கு மேலே பறந்து மீண்டும் சுற்றி வரலாம். 1951இல் ஆங்கிலேயர் கண்ட இவ்வெளிய உத்தியும், நீராவியால் ஊர்தியை வீசும் உந்துபொறியும், இறங்கும் விமானிக்கு வழிகாட்டும் கண்ணாடியும் பெல்பாஸ்டில் இக்கப்பலுக்குச் சேர்க்கப்பட்டன. அஃதாவது, விக்ராந்தே பாதியில் நின்ற பெட்டி ஒன்றைத் திருத்திச் செய்த கப்பல். நாங்கள் செய்தது அந்தத் திருத்தத்தை நானூற்றில் ஒரு பங்காகச் செய்து பார்த்தது மட்டுமே.

எந்த ஆண்டின் விக்ராந்து என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1961இன் கப்பல் வேறு. 1980களில் சீ ஹாரியர் ஊர்திகளுக்காக முன்பகுதியை மேல்நோக்கி வளைத்து, நீராவி உந்துபொறியை அகற்றிய பின்னைய கப்பல் வேறு. மும்பைக் காட்சிக்கூடத்தில் மக்கள் கண்டது வளைந்த முகப்புக் கொண்டதையே. மாமாவின் கப்பல் 1971இன் கப்பல். எனவே முகப்பு தட்டையாகவே இருக்க வேண்டும். உந்துபொறியின் தடம் தெரிய வேண்டும்.

விக்ராந்தின் நீளம் 213 மீட்டர். எங்கள் கணக்கில் அது 53 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு முழத்தைவிடச் சற்று மிகுதி. சாய்தளத்தின் இடப்பக்க விளிம்பு இரு கப்பல்களுக்கும் ஒன்றன்று. அதை விரித்துக் கட்ட, விளம்பரப் பலகை செய்வோர் பயன்படுத்தும் ஹிப்ஸ் தகட்டை வாங்கினோம். மாதிரிக் கப்பலும் அந்தத் தகடும் பாலிஸ்டைரின் என்னும் ஒரே இனம். ஓரினத்தை ஓரினத்தோடு சேர்க்கப் பசை வேண்டுவதில்லை. கரைப்பானைத் தூரிகையால் தொட்டு வைத்தால், இரு முகங்களும் கரைந்து ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். ஒட்டியது என்று சொல்வதைவிடப் பற்றவைத்தது என்பதே பொருந்தும். இடைவெளிகளை, கார்களுக்குப் பூசும் பட்டியால் நிரப்பித் தேய்த்தோம். பழைய ஒலிநாடாப் பெட்டியின் மூடி, நிறமற்ற தெளிந்த பாலிஸ்டைரின். வழிகாட்டுக் கண்ணாடிக்கு அதிலிருந்து ஒரு துணுக்கு. போஃபர்ஸ் பீரங்கியின் வாய் 40 மில்லிமீட்டர்; நானூற்றால் வகுத்தால் 0.1 மில்லிமீட்டர், தலைமயிரின் பருமன். ரன்னரை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, இளகும் நேரம் பார்த்து இரு கையாலும் இழுத்தால், சிலந்தி நூல்போல் நீளும். அதையே பீரங்கிக் குழலாகவும், வானலை வாங்கும் கம்பியாகவும் வெட்டி வைத்தோம். கூடத்தில் ரன்னரைக் கழிவென்று அரவைக்குத் தள்ளுகிறோம். அதன் அருமை எங்களுக்கு விளங்கியது அப்போதுதான்.

வார விடுமுறை நாள்களில் வேலை நடந்தது. ஏழு மாதம் ஆயிற்று. உறவினர் சிரித்தனர். மூன்று குடும்பத் தலைவர்கள் கூடிப் பொம்மைக் கப்பல் செய்கிறார்களாம் என்னும் பேச்சு ஜும்ஆ தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயில்வரை வந்தது. கரையில் கப்பல் கட்டிய நூஹ் நபி (அலை) அவர்களைக் கண்டு அவர்தம் சமுதாயத் தலைவர்கள் எள்ளி நகைத்த செய்தியைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அதை நினைவூட்டி நாங்களும் சிரித்தோம். ஆயினும் எங்கள் கப்பலில் ஏறித் தப்பிக்க எவரும் இல்லை என்பதையும் அறிவோம்.

மனித உருவங்களைத் தளத்தில் நிறுத்தலாமா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. உருவம் செய்வது தகாது என்னும் தயக்கம் தரம் பார்க்கும் நண்பருக்கு உண்டு. அளவைப் பார்த்தால் ஓர் ஆள் நான்கு மில்லிமீட்டர்தான். முகம் இல்லை, கையில்லை. ஆளே இல்லாத போர்க்கப்பலோ பொய். வாதம் இரண்டு வாரம் நீண்டது. ஒரு பெரியவரிடம் கேட்டோம். அவர் எங்களையும் கப்பலையும் மாறிமாறிப் பார்த்து, உங்கள் உள்ளத்துக்கு உறுத்தினால் விட்டுவிடுங்கள் என்றார். உறுத்தியது ஒருவருக்கு, அவர் பொருட்டு விட்டுவிட்டோம். சீ ஹாக் ஊர்திகள் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர். அலிசே ஊர்தி, இறக்கை விரித்தால் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவற்றை வைத்துத் தளத்தை நிரப்பினோம்.

சாம்பல் நிறம் பூசி, பக்கத்தில் எண்ணும் எழுதியபின் மாமாவிடம் காட்ட எடுத்துச் சென்றோம். கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம்தான். எனினும் இருப்புப்பாதைகள் வேறு. புறநகர் வண்டியில் பேசின் பிரிட்ஜ்வரை வந்து, மாறி, மேற்கே செல்ல வேண்டும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். மீன் கூடையோடு வந்த அம்மையார் ஒருவர் மூடியைத் தூக்கிப் பார்த்து, காட்டுப்பள்ளியில் கட்டுகிற கப்பலா என்று வினவினார். எங்கள் மாவட்டத்தின் கடற்கரையில், காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் கடலோரக் காவற்படையின் கலங்கள் உருவாகின்றன. ஆகவே அவர் கேட்டது முறையான கேள்வி.

மாமா கப்பலை நெடுநேரம் பார்த்தார். விரலால் முகப்பிலிருந்து பின்வரை தடவினார். நன்றாக இருக்கிறது என்றார். பின்னர், புகைபோக்கிக்கு நேர்கீழே, நீர்மட்டத்தின் அருகில் விரலை வைத்து, "நான் இருந்தது இங்க. இது மூடியிருக்கு" என்றார். பேரன் மேலே நிற்கும் ஊர்திகளைப் பற்றியே வினவிக்கொண்டிருந்தான். மாமா அவ்வூர்திகள் பறந்ததைக் கண்டதே இல்லையாம். போர் நாள்களில் அவர் பணிநேரம் முழுவதும் கீழே. மேலே ஓர் ஊர்தி வீசப்பட்டது என்பதை அழுத்தமானியின் முள் சற்றே இறங்குவதைக் கொண்டே அறிவாராம்.

இதன் பொருளை விளக்க 1971க்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. ஊர்தியை வீசும் பொறிக்கும் நீராவி வேண்டும்; கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தோடவும் நீராவி வேண்டும். கப்பலின் வேகமும் எதிர்க்காற்றும் சேர்ந்தே ஊர்தியின் இறக்கைக்குத் தூக்குவிசை தருகின்றன. வேகம் குறைந்தாலும், உந்துபொறியில் அழுத்தம் குறைந்தாலும் ஊர்தி தளத்தின் முனையில் கடலுக்குள் விழும். இக்குறையோடு கப்பல் போருக்குச் செல்லலாமா என்று கடற்படைக்குள்ளேயே வாதம் நடந்தது. நவம்பரில் சென்னையை விட்டு அந்தமான் பக்கம் சென்று மறைந்திருந்தது. அதைத் தேடிக் கராச்சியிலிருந்து வந்த 'காஜி' என்னும் நீர்மூழ்கி, விசாகப்பட்டினத்துக்கு அப்பால் டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவையொட்டி மூழ்கியது. மூழ்கிய விதம் குறித்து இருநாட்டாரும் வெவ்வேறாகக் கூறுவர். 'ராஜ்புத்' என்னும் சிறிய போர்க்கப்பல் தன்னை விக்ராந்தாகக் காட்டிக்கொண்டு அந்நீர்மூழ்கியை ஏமாற்றியது என்பது நம் கடற்படையார் எழுதிய வரலாறு. ஒரு கப்பலை மற்றொன்றாக்கும் வேலையில் எங்களுக்கு முன்னோடிகள் உண்டு என்று மகிழ்ந்தோம். டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் ஊர்திகள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

ஒரு நிக்காஹ் விருந்தில் இளைஞர் ஒருவர் மாமாவிடம், அங்கே இருந்தவர்களும் நம் மார்க்கத்தவர்தாமே, உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டதை நாங்கள் அருகிலிருந்து கேட்டிருக்கிறோம். மாமா சினக்கவில்லை. "கேள்வி சரிதான். அந்த மக்களும் நம்மவங்கதான். அவங்கதான் விடுதலை கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆனா தம்பி, எனக்கு முன்னால இருந்தது ஒரு முள்ளு. அது இறங்குனா மேல ஒருத்தன் கடல்ல விழுவான். நான் அதைத்தான் பார்த்தேன்" என்றார். இளைஞர்க்கு அவ்விடை போதவில்லை. எங்களுக்கும் அன்று போதவில்லை. கப்பலின் பக்கத்தில் மாமா விரல் வைத்த இடத்தைப் பார்த்தபோது அந்த முள் நினைவுக்கு வந்தது.

அறுத்துத் திறப்பதா, வேண்டாமா? திரும்பும் வண்டியில் இதே பேச்சு. உடல் ஒன்றுதான் உண்டு, மாற்று இல்லை. பழைய பாலிஸ்டைரின் உலர்ந்து நொறுங்கும் தன்மை அடைந்திருந்தது. ஒரு கீறல் தவறான திசையில் ஓடினால் ஏழு மாத உழைப்பு இரண்டாகப் பிளக்கும். முடிந்த கப்பலை மீண்டும் கெடுப்பது அறிவன்று என்றார் தரம் பார்க்கும் நண்பர். அவருடைய தொழில் அப்படி. டை பிரிவு நண்பரின் தந்தையார் பழவேற்காட்டில் படகு வேலை செய்தவர். அவரிடம் உசாவினோம். பலகையை எடுப்பதற்கு முன் உள்ளே விலாக்கட்டை போடுங்கள். கட்டை தாங்கிக்கொண்டால் பலகை போனாலும் உடல் கோணாது என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அவ்வாறே செய்தோம். தளத்தைக் கழற்றி, திறக்கப் போகும் இடத்தின் இருமருங்கும் உட்புறத்தில் தடித்த தகட்டால் விலாக்கள் வைத்தோம். நான்கு சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை உயரம் எனக் குறித்து, நான்கு மூலையிலும் சிறு துளையிட்டோம். ஓடிவரும் விரிசல் துளையில் வந்து நின்றுவிடும். பின்னர், கத்தியின் முதுகால் ஒரே கோட்டில் மெல்ல மெல்லக் கீறினோம். அழுத்தவில்லை. நூறு முறைக்குமேல் கீறியிருப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் அதிகம் பேசவில்லை. அஸருக்குச் சற்றுமுன் துண்டு தானாகவே உள்ளே விழுந்தது. முனை உடையவில்லை. அதையே கதவாக்கி, உள்ளே சிறு காந்தமும் இரும்புத் துணுக்கும் வைத்து மூடித் திறக்கும்படி செய்தோம்.

அக்கப்பலின் கொதிகலன்கள் இரண்டிரண்டாக இரு அறைகளில் இருந்தன. எங்கள் சாளரத்தில் ஓர் அறையே தெரியும். மேலே ஓர் உருளை, கீழே இரண்டு, நடுவில் கூரை சரிவதுபோல் நெருங்கிய குழாய்கள்: இது அக்காலக் கொதிகலனின் வடிவம். உருளைகளுக்கு ரன்னர், குழாய்களுக்கு இழுத்த நூல். ஒரு கொதிகலன் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக அமைந்தது. அழுத்தமானிக்கு வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்தோம். அதில் முள் எழுதும் தூரிகை எங்களிடம் இல்லை.

மறுபடியும் பேசின் பிரிட்ஜ் வழியே திருவள்ளூர். மாமா கதவைத் திறந்து, பேரனின் படிப்பு விளக்கை அருகில் இழுத்து உள்ளே நோக்கினார். பேரனும் தலையை நீட்டினான். ஊர்திகளை மறந்து, நன்னா எங்கே நிற்பார், எது சூடாக இருக்கும், காற்று எப்படி வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். மாமா காட்டிக்கொண்டே வந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாம் சரி. நாங்க வெளியே வர ஏணி எங்க?" என்றார்.

மின்கம்பியின் ஓர் இழையைப் பிரித்து, பதினான்கு படிகள் வைத்து, மேல்தளம்வரை செல்லும் ஏணி ஒன்றை அடுத்த வாரம் செய்து பொருத்தினோம்.